பாவசங்கீர்த்தனமும் பரிபூரண பலனும்: நெடுநாள் பயனாளி ஒருவரின் மதிப்புரை

கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, பெரும்பாலும் முன்பதிவும் தேவைப்படாது. பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் அப்படிப்பட்ட ஒரு சேவை. அதற்கு மதிப்புரை எழுதுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம், இன்னும் சிலருக்கு மரியாதைக் குறைவாகவும் படலாம். ஆனால் ஏழு வயதில் முதல் நன்மைக்கு (முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு) முந்தைய நாள் முழந்தாளிட்டதில் தொடங்கி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் நான் விடாமல் பயன்படுத்திவரும் சேவை இது ஒன்றுதான். சிற்றாலயங்களிலும், பேராலயங்களிலும், தியான இல்லங்களிலும், ஒருமுறை மருத்துவமனைப் படுக்கையருகிலும் இதைப் பெற்றிருக்கிறேன். பொறுமையாகக் கேட்ட குருக்களையும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்ட குருக்களையும், கேட்டார்களா உறங்கினார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத குருக்களையும் சந்தித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகள் வந்துபோன பிறகுதான், இந்தச் சேவையின் முதல் பாதியை மட்டுமே நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவந்தது. பேறுபலன் என்று இப்போதும் பலன் என்று முன்பும் சொல்லப்படுவதே அந்த இரண்டாவது பாதி: மன்னிக்கப்பட்ட பாவம் விட்டுச்செல்லும் மிச்சத்தைத் தீர்க்கத் திருச்சபை தரும் உதவி. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருச்சபை தன் ஏழு அருட்சாதனங்களில் (இறையருளைத் தரும் சடங்குகளில்) இரண்டைக் 'குணமளிக்கும் அருட்சாதனங்கள்' என்று தனியே பிரித்துவைத்திருக்கிறது. ஒன்று நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல், மற்றொன்று ஒப்புரவு. பெரியவர்கள் இன்னமும் பாவசங்கீர்த்தனம் என்றே சொல்லும் அந்த ஒப்புரவை நீதிமன்றமாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு 'குணமளிக்கும்' என்ற அடைமொழி ஆச்சரியம் தரும். ஆனால் ஒப்புரவை நீதி வழங்கும் செயலாக வரையறுத்த திரெந்து பொதுச்சங்கமே (ஆயர்களின் பேரவையே), 1551ஆம் ஆண்டு இதைப் பற்றிப் போதித்தபோது, புனித ஜெரோமின் மருத்துவ உவமை ஒன்றைக் கையாண்டது. நோயாளி தன் புண்ணை மருத்துவரிடம் காட்ட வெட்கப்பட்டால், தான் அறியாத நோயை மருத்துவம் ஆற்றாது என்பது அந்த உவமையின் சாரம். நான் இந்தச் சேவையை அளந்து பார்ப்பதும் அந்த உவமையை வைத்துத்தான். புண் திறந்து காட்டப்பட்டதா, மருந்து வைக்கப்பட்டதா, அதன்பின் தழும்பு என்ன ஆயிற்று என்பவையே என் கேள்விகள்.

பயன்படுத்தும் முறையைப் பொறுத்தவரை, பழைய ஞானோபதேசப் புத்தகம் படித்தவர்களுக்கு ஐந்து காரியங்கள் மனப்பாடமாக இருக்கும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல்), பாவங்களைக் குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல் (குரு குறிக்கும் பரிகாரத்தைச் செய்தல்). இவற்றில் நான்கு, பயனாளியாகிய நாம் தனிமையில் செய்யவேண்டியவை. குருவின் முன்னால் நிகழ்வது ஒன்றே ஒன்று, அதுவும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. சேவை சரியில்லை என்று குறை சொல்பவர்களில் பலர் (இளம்வயதில் நானும் இவர்களில் ஒருவன்) அந்த நான்கையும் செய்யாமல் நேராக வரிசையில் போய் நின்றவர்கள்தான். வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஆத்தும சோதனை செய்துவிட்டுப் போன நாள்களில் மூன்று நிமிட உரையாடலே போதுமானதாக இருந்தது. எந்த ஆயத்தமும் இல்லாமல் போன நாள்களில் 'பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசை கண்டு பராக்காய் இருந்தேன்' என்ற குழந்தைப் பருவப் பட்டியலையே ஐம்பது வயதிலும் ஒப்பித்துவிட்டு வந்தேன்.

தனியறையில் ஒருவர் காதில் சொல்வது தொடக்கக் காலம் முதலே இருந்த முறை அன்று. முதல் நூற்றாண்டுகளில், திருமுழுக்குக்குப் பின் பெரும் பாவத்தில் விழுந்தவர்கள் சபையாருக்குத் தெரியும்படி நீண்ட காலம் தவம் செய்யவேண்டியிருந்தது, அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதனால் பலர் அதை மரணப் படுக்கைவரை தள்ளிப்போட்டார்கள். அயர்லாந்துத் துறவிகள்தாம் தனித்துச் சொல்லி, தேவைப்படும்போதெல்லாம் திரும்பி வரலாம் என்ற வழக்கத்தை ஐரோப்பிய நிலப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாவத்தில் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று இன்றும் நிற்கும் கடமை, 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் வைத்த சட்டத்திலிருந்து வருகிறது. குரு உள்ளே அமர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும், சல்லடைத் தடுப்புள்ள மரத் தொட்டி அதற்கும் பிந்தியது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயராக இருந்த புனித சார்லஸ் பொரோமேயு அதைப் பரப்புவதில் பெரும்பங்கு வகித்தார். இன்று முகம் பார்த்து அமர்ந்தும் சொல்லலாம், தடுப்புக்குப் பின்னால் மறைந்தும் சொல்லலாம். விரும்புவோர் தாராளமாகப் பயன்படுத்தும்படி தடுப்புள்ள இடம் எப்போதும் இருக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 964ஆம் விதி கேட்கிறது. என் விருப்பம் தடுப்புதான். முகம் தெரிந்தால், பாவத்தைச் சொல்வதை விட்டுவிட்டு என்னைப் பற்றிய நல்லெண்ணத்தைக் காப்பாற்றத் தொடங்கிவிடுகிறேன்.

இந்தச் சேவையின் குணமளிக்கும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதை விளக்க, என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் தந்தை நீண்டநாள் படுக்கையில் இருந்தபோது, மருத்துவச் செலவுக் கணக்கை நான்தான் வைத்திருந்தேன். தம்பி தொலைவில் வேலை பார்த்துக்கொண்டு, கேட்டபோதெல்லாம் பணம் அனுப்பினான். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவன் நான், அவனோ பணத்தோடு முடித்துக்கொள்கிறான் என்ற மனக்குறையில், ஒவ்வொரு மாதமும் அவன் பங்கைச் சற்றுக் கூட்டியே சொன்னேன். இதை நான் திருட்டு என்று நினைக்கவில்லை. என் உழைப்புக்கான கூலி என்றே மனத்துக்குள் பெயர் வைத்திருந்தேன். மூன்று ஆண்டுகள் இதைத் தொடாமலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவந்தேன். மனைவியிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் என் பக்கமே பேசுவாள் என்று எனக்குத் தெரியும். நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தேன், அங்கே நான் எழுதியதெல்லாம் என் தரப்பு வாதமாகவே இருந்தது.

ஒரு தவக்காலத்தில், எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு குருவிடம், எப்படியோ அதை எடுத்தேன். வழக்கம்போல் முன்கதையோடு ஆரம்பித்தேன்: தந்தையின் நோய், என் இரவுக் கண்விழிப்பு, தம்பியின் வசதி. அவர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "சரி தம்பி, இதில் உங்கள் பாவம் எது?" என்றார். அந்த ஒரு கேள்வியில் முன்கதை முழுவதும் உதிர்ந்தது. "தம்பியின் பணத்தைத் திருடினேன், சாமி" என்று என் வாயால் சொன்னேன். மூன்று ஆண்டுகளாகக் கூலி என்று நான் அழைத்துவந்ததற்கு அன்றுதான் அதன் உண்மைப் பெயர் வாய்த்தது. நல்ல நண்பர் நம் காரணங்களைக் கேட்டு ஆறுதல் சொல்வார், மனநல ஆலோசகர் அந்தக் காரணங்களின் வேர்களைத் தேடுவார். இரண்டும் வேண்டியவையே, இரண்டாலும் நான் பயன் பெற்றவன். ஆனால் காரணங்களையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுச் செயலை மட்டும் சொல்லச் சொல்லும் இடம், சொன்ன மறுகணமே 'தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்' மன்னிப்பை வழங்கும் இடம், எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அந்த மன்னிப்பு குருவின் சொந்தக் கருணையால் வருவதன்று. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அளித்ததாக யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் சொல்வதன் தொடர்ச்சி அது. எனவே கேட்டவர் நல்லவரா, சுமாரானவரா என்பது மன்னிப்பின் தரத்தைப் பாதிப்பதில்லை. பயனாளி என்ற வகையில் எனக்கு மிகவும் நிம்மதி தரும் அம்சம் இதுவே.

இரகசியக் காப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஏனெனில் இந்த அம்சத்தில் குறை காண எனக்கு ஒருபோதும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. சொல்லாலோ, சைகையாலோ, எந்தக் காரணத்துக்காகவும் குரு அதை வெளிப்படுத்தக் கூடாது என்கிறது 983ஆம் விதி. நேரடியாக மீறுபவர், யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். வெளிப்படுத்தாவிட்டாலும், கேட்டறிந்ததை வைத்து எனக்குப் பாதகமாக நடந்துகொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. 1393ஆம் ஆண்டு பிராகு நகர ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட நெப்போமுக் புனித யோவானை, அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்தவர் என்றே மக்கள் மரபு நினைவுகூர்கிறது.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, நேரம். பல ஆலயங்களில் திருப்பலிக்கு முந்தைய அரைமணி மட்டுமே இதற்கென ஒதுக்கப்படுகிறது. அந்த அரைமணியிலும் பாதி, குருவானவர் பீட ஆயத்தங்களைக் கவனிப்பதில் போய்விடும். பெரிய வாரத்திலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள்களிலும் வரிசை வாசலைத் தாண்டும்போது, உள்ளே இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குமேல் ஒதுக்க இயலாது. அவரைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. சாதாரண வாரநாளில், முன்கூட்டிக் கேட்டுவைத்துச் செல்லுங்கள் என்பதே என் அறிவுரை. நம் சொந்தப் பங்குக் குருவிடம்தான் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, அதற்குரிய அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் போகலாம். இது சலுகை அன்று, 991ஆம் விதி தரும் உரிமை. தெரிந்த முகத்திடம் சொல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருக்கும் பலருக்கு இந்த ஒரு செய்தி போதும்.

இரண்டாவது குறை கடுமையானது. இருபது வயதில், சொல்லவே கூசிய ஒன்றைத் திக்கித் திணறிச் சொன்னபோது, உள்ளே இருந்தவர் குரலை உயர்த்திக் கடிந்துகொண்டார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்குச் சொற்கள் கேட்டிருக்காது என்றாலும் தொனி கேட்டிருக்கும். நான்கு ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. மன்னிப்பு அன்றும் செல்லுபடியானதுதான், இறையியல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கை நடுங்கும் மருத்துவர் தைத்த காயம் மூடிக்கொண்டாலும் வலி நெடுநாள் இருக்கும். பாவசங்கீர்த்தன அறை சித்திரவதைக் கூடமாக இருக்கக்கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு குருக்களுக்கு எழுதினார் என்றால், அதை எழுத வேண்டிய தேவை இருந்தது என்றுதானே பொருள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிரான்சு நாட்டின் சிற்றூரான ஆர்ஸின் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னி, வருகிறவர்களுக்காக நாளின் பெரும்பகுதியைத் தொட்டிக்குள்ளேயே கழித்தார். பாதுவா நகரில் வாழ்ந்து 1942ஆம் ஆண்டு இறந்த கப்புச்சின் துறவி புனித லெயோப்போல்து மாந்திச், நான்கரை அடிக்கும் குறைந்த உயரமும் திக்குவாயும் உடையவர். ஒரு சிற்றறையில் அமர்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்பதையே வாழ்நாள் பணியாகச் செய்த அவரை, மிக எளிதாக மன்னித்துவிடுகிறார் என்று சிலர் குறை கூறினார்களாம். அப்படிக் குறை கூறப்படும் குரு ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், விடாதீர்கள்.

எல்லாருக்கும் எப்போதும் நலம் தரும் மருந்து இது என்றும் சொல்லமாட்டேன். செய்த பாவசங்கீர்த்தனம் செல்லுமா, எதையாவது விட்டுவிட்டோமா என்ற ஐயத்தில், அதே பாவத்தை வாரந்தோறும் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள் உண்டு. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே 1522ஆம் ஆண்டு ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, இந்த வேதனையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். அத்தகையவர்களுக்கு ஆன்மிக மரபு சொல்லும் வழி, ஒரே ஒரு குருவைத் தேர்ந்துகொண்டு அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவது. இன்றைய நிலையில் ஒரு மனநல மருத்துவரையும் உடன் சேர்த்துக்கொள்வது நல்லது. மனச்சோர்வும் மனநோயும் பாவங்கள் அல்ல, அவற்றைத் தொட்டிக்குள் கொண்டுபோய்த் தீர்க்க முயல்வது இந்தச் சேவைக்கும் நியாயம் செய்வதாகாது.

இனி என் கதையின் மீதி. மன்னிப்பு வழங்குமுன் அந்தக் குரு கேட்டார்: "பணத்தைத் திருப்பிக் கொடுப்பீர்கள், இல்லையா?" தலையாட்டினேன். நான்தான் எடுத்தேன் என்று தம்பியிடம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பணம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தாகவேண்டும் என்றார். அபராதமாக ஐம்பத்தோராம் திருப்பாடலைச் செபிக்கச் சொன்னார். பாவம் அன்றே போயிற்று, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பியபோது கணக்கேடு அதே அலமாரியில்தான் இருந்தது. தம்பியோடு பேசும்போது கண்ணைத் தாழ்த்தும் பழக்கம், அவனுக்கு வரும் நன்மையைக் கேட்டால் உள்ளே ஏறும் சிறு கசப்பு, எந்தக் கணக்கையும் என் பக்கம் சாய்த்தே போடும் கைப்பழக்கம், இவற்றில் ஒன்றுகூட அகலவில்லை. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த எல்லாச் சீர்குலைவுகளையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1459ஆம் எண்ணில் சொல்வது, எனக்கு நூலறிவாகவன்றி அலமாரியில் கிடந்த கணக்கேடாகவே புரிந்தது.

பேறுபலன் என்ற ஏற்பாடு இந்த இடத்துக்குத்தான் உரியது. பாவத்துக்கு இரண்டு விளைவுகள் உண்டு என்பது திருச்சபையின் போதனை. சாவான பாவம் எனப்படும் பெரும்பாவம் இறைவனோடுள்ள உறவை அறுத்து நித்திய ஆக்கினைக்கு (முடிவில்லாத தண்டனைக்கு) உள்ளாக்குகிறது, அது மன்னிப்பினால் முற்றிலும் தீர்கிறது. அதுவல்லாமல், அற்பப் பாவம் உட்பட எந்தப் பாவமும் படைப்புப் பொருள்கள்மீது முறைகேடான பற்றை மனத்தில் விட்டுச்செல்கிறது. இவ்வுலகிலோ, இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ அந்தப் பற்று நீங்கித் தூய்மையடைந்தாக வேண்டும். பழைய புத்தகங்களில் அநித்திய ஆக்கினை (முடிவுள்ள தண்டனை) என்று வருவது இதுவே. கடவுள் வெளியிலிருந்து பழிவாங்குவதாக இதை எண்ணக் கூடாது, பாவத்தின் இயல்பிலிருந்தே இது விளைகிறது என்று மறைக்கல்வி ஏடு எச்சரிக்கிறது. இந்த மிச்சத்தைத் தீர்ப்பதில் நாம் தனித்து விடப்படவில்லை என்பதே பேறுபலனின் உட்பொருள். கிறிஸ்துவின் புண்ணியப் பேறுகளும் புனிதர்களின் செபங்களும் நற்செயல்களும் திருச்சபையின் பொதுச்செல்வம். அதிலிருந்து, குறித்த ஒரு செயலைக் குறித்த மனநிலையோடு செய்பவருக்குத் திருச்சபை பங்கு கொடுக்கிறது. முழுவதும் தீர்த்தால் பரிபூரண பலன், ஓரளவு தீர்த்தால் பகுதிப் பலன்.

இந்த ஏற்பாட்டின் பெயர் கெட்ட கதை ஊரறிந்தது. ரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்ட நிதி திரட்டிய காலத்தில், டெட்சல் என்ற தொமினிக்கத் துறவி ஜெர்மனியில் காசு வாங்கிக்கொண்டு பலன்களைப் பரப்ப, அதை எதிர்த்து 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்ட்டின் லூத்தர் தம் 95 கூற்றுகளை முன்வைத்தார். முறைகேடு நடந்தது உண்மை. அதைத் திரெந்து பொதுச்சங்கமே 1563ஆம் ஆண்டு கண்டித்தது, 1567ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பயஸ் பணக் கொடுக்கல் வாங்கல் கலந்த பலன்கள் அனைத்தையும் நீக்கினார். ஆகவே இன்று எவரேனும் பலனுக்கு விலை சொன்னால், அது போலிச் சரக்கு. பணம் போனாலும் நாள் கணக்கு நெடுநாள் தங்கிவிட்டது. என் பாட்டியின் செபப்புத்தகத்தில் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் கீழே 'முந்நூறு நாள் பலன்' என்பதுபோல் அச்சிட்டிருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் முந்நூறு நாள் கழியும் என்றே பாட்டி நம்பினார். உண்மையில் அது, பழங்காலத்தில் முந்நூறு நாள் செய்த பொதுத் தவத்துக்கு ஈடானது என்ற அளவுதான். 1967ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்த நாள் கணக்கை அடியோடு எடுத்துவிட்டார். இப்போது பகுதிப் பலனுக்கு அளவு, செய்பவரின் அன்பே: அந்தச் செயலால் அவர் தாமே பெறும் தீர்வுக்குச் சமமான இன்னொரு பங்கைத் திருச்சபை சேர்த்துக் கொடுக்கிறது. நம் அன்பு சிறிதானால், சேர்த்துத் தரப்படுவதும் சிறிதுதான். இந்தச் சேவையில் கண்ட மாற்றங்களிலேயே மிகச் சிறந்ததாக இதைக் கருதுகிறேன்.

பரிபூரண பலனுக்கான நிபந்தனைகளைச் சொல்லவேண்டும், ஏனெனில் அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் இதைப் பாதியோடு நிறுத்திவிடுகின்றன. பாவசங்கீர்த்தனம், திவ்விய நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம் என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரியும். செயலுக்கு முன்னோ பின்னோ ஏறத்தாழ இருபது நாள்களுக்குள் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்று 2000ஆம் ஆண்டு யூபிலியின்போது (புனித ஆண்டின்போது) திருப்பீடம் தெளிவுபடுத்தியது. ஒரு பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்குப் போதுமானது, ஆனால் நற்கருணையும் செபமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேண்டும். பொதுவாக நாளுக்கு ஒரு பரிபூரண பலனே பெறலாம். நமக்காகவோ இறந்தவர்களுக்காகவோ ஒப்புக்கொடுக்கலாமேயன்றி, உயிரோடிருக்கும் வேறொருவருக்காக முடியாது. அவர் தம் மனமாற்றத்தைத் தாமே செய்தாகவேண்டும். செயல்கள் எளியவை: அரைமணி நேரம் நற்கருணை ஆராதனை, அரைமணி நேரம் விவிலிய வாசிப்பு, ஆலயத்திலோ குடும்பமாகவோ செபமாலை, சிலுவைப்பாதை. இத்தனையும் ஒருவர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

முடிக்க இயலாத நிபந்தனை ஒன்று இருக்கிறது: எந்தப் பாவத்தின்மீதும், அற்பப் பாவத்தின்மீதுகூட, பற்று இல்லாதிருத்தல். பாவம் செய்யாதிருத்தல் என்று இதற்குப் பொருளில்லை. 'இந்த ஒன்றை மட்டும் விடமாட்டேன்' என்று மனம் மறைத்துவைத்திருக்கும் மூலை இல்லாதிருத்தல் என்பதே பொருள். சட்டநூலின் வரி போலத் தோன்றும் இந்த நிபந்தனைக்குள்தான் சிகிச்சை முழுவதும் இருக்கிறது என்பது என் முடிவு. பலன் பெறப் போகிறவன் ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டாக வேண்டும்: எதை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறாய்? பாவசங்கீர்த்தனம் கேட்கும் கேள்வி 'என்ன செய்தாய்', பேறுபலன் கேட்பது 'இன்னும் எதை விரும்புகிறாய்'. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கற்றுக்கொண்டது ஏழு வயதில். இரண்டாவதை என்னிடம் யாரும் கேட்டதேயில்லை. சேவை வழங்குவோர்மீது என் பெரிய புகார் இதுதான். 2025 யூபிலி ஆண்டில், அந்த ஆண்டுக்கென்றே பேராலயத்தில் திறக்கப்பட்ட புனிதக் கதவைக் கடந்து நடந்தாலே எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள்மேல் தவறில்லை, கதவைப் பற்றிச் சொன்ன அளவுக்குக் கதவைக் கடக்கும் மனத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்ன செபத்தைச் சொன்னால் இத்தனை ஆயிரம் ஆன்மாக்கள் விடுதலை பெறும் என்று கைக்குக் கை மாறும் துண்டுச்சீட்டுகளோ, ஆறாம் பவுல் மூடிய கணக்குப் புத்தகத்தை மீண்டும் திறக்கின்றன.

தம்பிக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுத்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அவனுக்குத் தெரியாமலே அனுப்ப வழி தேடிப் பார்த்து, கடைசியில் நேரில் சொல்லியே கொடுத்தேன். அவன் எதுவும் பேசவில்லை. அடுத்த நவம்பரில் தந்தையின் கல்லறைக்கு இருவரும் சேர்ந்து போனோம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபித்தால், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகப் பரிபூரண பலன் ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் முந்தைய வாரமே செய்திருந்தேன், அன்று காலைத் திருப்பலியில் நன்மை வாங்கியிருந்தேன், திருத்தந்தைக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மெழுகுதிரி ஏற்றுவதற்குத் தம்பி குனிந்தபோது, 'கடைசி மூன்று மாதமும் நான்தானே உடனிருந்தேன்' என்ற பழைய எண்ணம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததோடு நிற்கவில்லை, சற்று நேரம் அதற்கு இடமும் கொடுத்தேன். மனநிலை முழுமையாக இல்லாவிட்டால் பரிபூரண பலன் பகுதிப் பலனாகிவிடும் என்பது விதி. அன்று அப்பாவுக்குப் பகுதிப் பலன்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். காற்று வீசிக்கொண்டிருந்ததால் திரி இரண்டுமுறை அணைந்தது. மூன்றாம் முறை தம்பி கை குவித்துப் பிடிக்க, நான் தீக்குச்சி கிழித்தேன்.